திருமுன் நின்ற தமிழ்

விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில், முகாசா பரூரை அடுத்துக் கோணான்குப்பம் என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்றைய கடலூர் மாவட்டத்துக்கு உட்பட்ட அவ்வூர்த் தேவாலயத்தில் மரியன்னையின் திருவுருவம் ஒன்று உண்டு. கையில் குழந்தை, உடலில் தமிழ்ப் பெண்கள் உடுத்தும் சேலை, பெயர் பெரியநாயகி. கிழக்கே தில்லையும் வடகிழக்கே திருவதிகையும் விளங்க, நாயன்மார் நடந்தும் பாடியும் திரிந்த நாடு அது. அந்நாட்டிற்குப் பெரியநாயகி என்னும் பெயர் புதியதன்று. அப்பெயரால் மரியன்னையை அழைத்தவர் இத்தாலியர் ஒருவர் என்பதே புதிது. கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது அவரது இயற்பெயர். தமிழுலகு அவரை வீரமாமுனிவர் என்று அறியும்.

சதுரகராதி கண்டவர், எகர ஒகர எழுத்துகளைச் சீர்திருத்தியவர், பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் படைத்துப் படிப்போரைச் சிரிக்க வைத்தவர் என்றே மாணவர் அவரைப் பெரிதும் அறிவர். அவர் தம்மை அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார். அகராதியும் இலக்கணமும் அவருக்குக் கருவிகள்; கடவுள் வந்து தங்குவதற்கு உரிய இல்லம் ஒன்றை இந்த மண்ணிலும் இந்த மொழியிலும் அமைப்பதே அவர் மேற்கொண்ட வேலை. அவரது வாழ்வை அந்த நோக்கிலிருந்து காணும்போது, தொடர்பற்றவை போலத் தோன்றும் அவருடைய பணிகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கக் காணலாம்.

இளமையும் துறவும்

இத்தாலி நாட்டின் மாந்துவா பகுதியிலுள்ள காஸ்திகிலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பெஸ்கி பிறந்தார். தமிழ்க் கத்தோலிக்கர் ஞானப்பிரகாசியார் என்று போற்றும் அலோசியுஸ் கொன்சாகா பிறந்ததும் அவ்வூரே. ஆட்சியுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்த அவ்விளைஞர், உரோமை நகரில் கொள்ளை நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்து 1591இல் தம் இருபத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அவர் நினைவு ஊரெங்கும் நிறைந்திருந்த காலத்தில் வளர்ந்த பெஸ்கியும் 1698ஆம் ஆண்டு அதே சபையில் சேர்ந்தார். பொலோஞா நகரில் மெய்யியலும் இறையியலும் பயின்று 1709இல் குருப்பட்டம் பெற்றார்.

அச்சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சபையினர்க்கென ஒரு தியான முறையை வகுத்திருந்தார். நற்செய்தியில் வரும் நிகழ்ச்சியொன்றை எடுத்துக்கொண்டு, அது நிகழ்ந்த வழியையும் வீட்டையும் மாந்தரையும் மனக்கண்ணால் கண்டு, அங்கே தாமும் ஓர் எளிய ஏவலராய் நின்று பணிவிடை செய்வதாகப் பாவித்தல் வேண்டும். குழந்தை பிறந்த குகையைச் சிந்திப்பவர் அக்குகை பெரிதா சிறிதா, உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதையும்கூடக் கருத்தில் அமைத்துப் பார்க்க வேண்டும். கடவுளின் திருமுன் நிற்றல் என்பது இவ்வாறு ஓர் இடத்தை அமைத்து அதனுள் நுழைதலாக அவருக்குக் கற்பிக்கப்பட்டது. பின்னாளில் அவர் இயற்றிய காப்பியத்தைப் புரிந்துகொள்ள இப்பயிற்சியை நினைவில் கொள்ளுதல் நலம்.

லிஸ்பனிலிருந்து கப்பலேறிய பெஸ்கி 1710ஆம் ஆண்டு கோவாவை அடைந்தார். மறு ஆண்டு மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்து சேர்ந்தார். அத்தளத்தை 1606இல் தொடங்கிய தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்துப் புலால் விடுத்துத் தமிழ்த் துறவியரைப் போல வாழ்ந்தவர். அங்குப் பணிபுரிந்த மற்றொருவர் அருளானந்தர். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் அவர் கொல்லப்பட்டார். பெஸ்கி வந்தபோது அந்நிகழ்ச்சி நடந்து இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. தாம் செல்லும் வழி எங்கே முடியக்கூடும் என்பதை அறிந்தே அவர் வந்தார்.

அந்த முடிவு விரைவிலேயே அவரை நெருங்கவும் செய்தது. 1714-15 அளவில் தென்பாண்டி நாட்டுக் குருக்கள்பட்டியில் அவர் சிறைப்பட்டார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. எவ்வாறோ உயிர் தப்பினார். அச்சத்தால் நாடு திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் தமிழ்நாட்டிலேயே தங்கினார். முதலில் அவர் ஏற்ற தைரியநாதர் என்னும் பெயரும், அதன் தமிழாக்கம் போல வந்து நிலைத்த வீரமாமுனிவர் என்னும் பெயரும் வெறும் புகழுரைகள் அல்ல.

பெரியநாயகி

சுப்பிரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. கற்ற முறை எதுவாயினும், கற்ற அளவு வியக்கத்தக்கது. பேச்சுத் தமிழோடு நின்றிருந்தால் மறையுரை ஆற்றுவதற்கு அது போதுமாயிருந்திருக்கும். அவர் திருக்குறளுக்கும் சிந்தாமணிக்கும் கம்பருக்கும் சென்றார். ஒரு நாட்டு மக்கள் தாம் மிக உயர்வாக மதிப்பவற்றை எந்த நடையில் சொல்கிறார்களோ, அந்த நடையிலேயே கடவுளைக் குறித்தும் சொல்ல வேண்டும்; குறைந்த நடையில் சொல்வது வணக்கக் குறைவு. அவர் பணிகள் யாவற்றிலும் இக்கருத்து ஊடுருவி நிற்கிறது.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியும் கோணான்குப்பமும் அவர் நெஞ்சுக்கு நெருங்கிய இரண்டு ஊர்கள். முன்னதற்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அங்கு அடைக்கல அன்னையை வணங்கினார். பின்னதில் பெரியநாயகிக்கு ஆலயம் எழுப்பினார். முகாசா பரூர்க் கச்சிராயர் அவ்வாலயத்திற்குத் துணை நின்றார் என்றும், அன்னை தமிழ்ப் பெண்ணின் உடையில் தோன்றவேண்டும் என்று முனிவரே படம் எழுதி அனுப்ப, மணிலாவில் அத்திருவுருவம் செய்யப்பெற்று வந்தது என்றும் அப்பகுதி மக்கள் சொல்லி வருகின்றனர். செவிவழிச் செய்திகளாயினும், அவற்றின் உட்கருத்து தெளிவானது. ஐரோப்பியத் திருவுருவம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது எளிது. அதை வணங்கும் உழவர் வீட்டுப் பெண் அந்த அன்னையைத் தன்னைச் சேர்ந்தவளாக உணர்வாளா என்பதே கேள்வி.

பெயரிலும் அதே கவனம் காணப்படுகிறது. அருகிலுள்ள விருத்தாசலத்து அம்மைக்கும் பெரியநாயகி என்பதே பெயர். அவ்வம்மையைப் பற்றி அந்நாட்டில் ஒரு கதை வழங்கி வந்தது. திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்திற்கு நடந்து சென்ற குரு நமசிவாயர் வழியில் பசித்து அன்னையை அழைக்க, அவள் வந்து சோறிட்டாள் என்பது அக்கதை. பசித்தவன் கூப்பிட்ட குரலுக்கு வரும் தாய் என்ற பொருள் அப்பெயருக்குள் முன்னமே குடியிருந்தது. முனிவர் அக்கதையை அறிந்திருந்தாரோ இல்லையோ, தமிழர் நாவில் தாய்மையின் சுவையேறிய சொல்லையே தேர்ந்தார். சொந்தச் சொல்லால் அழைக்கும்போது வணக்கம் உதட்டளவில் நிற்பதில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இலக்கிய வகைகளைக் கையாண்டதிலும் இதனையே காணலாம். இரட்டைப் புலவர் தில்லைக் கலம்பகம் பாடியிருந்தனர். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் சிதம்பர மும்மணிக்கோவையும் சிதம்பரச் செய்யுட்கோவையும் இயற்றியிருந்தார். சோழநாட்டிலும் நடுநாட்டிலும் ஒரு திருத்தலத்தைப் போற்றுவதென்றால் கலம்பகம், கோவை, அந்தாதி, அம்மானை ஆகியவையே வழக்கமான வடிவங்கள். வீரமாமுனிவர் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். சிலுவையடியில் நின்ற தாயின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியாக்கினார். கித்தேரியம்மாள் என்னும் கன்னி மறைச்சாட்சியின் வரலாற்றைப் பெண்கள் பாடத்தக்க அம்மானையாக அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பாடிப் பாடி மனத்தில் நிறுத்தக்கூடிய வடிவம் அது. கலம்பகத்தைப் புலவர்க்கும் அம்மானையைப் பாமரர்க்கும் வழங்கினார் எனலாம்.

தேம்பாவணி

அவருடைய பெரும்படைப்பு 1726ஆம் ஆண்டில் நிறைவுற்ற தேம்பாவணி. மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 விருத்தங்களும் கொண்டது. வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களாகிய அணி என்றும் பெயருக்குப் பொருள் கூறுவர். 1729இல் முனிவரே இதற்கு உரையும் எழுதினார்.

இக்காப்பியத்தின் தலைவர் யார் என்பதிலேயே அதன் தனித்தன்மை அடங்கியிருக்கிறது. இயேசுவையோ, சிலுவையையோ, திருத்தூதர்களின் வீரச் செயல்களையோ அவர் காப்பியப் பொருளாக்கவில்லை. நாசரேத்தூர்த் தச்சராகிய சூசையப்பரைத் தலைவராக்கினார். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. அவர் கனவில் கேட்கிறார், எழுகிறார், சொன்னபடி செய்கிறார். குடிக்கணக்கிற்காகப் பெத்லகேம் சென்ற இடத்தில் விடுதியில் இடமில்லை. கருவுற்ற மனைவியுடன் தங்க இடமின்றி நிற்கிறார். குழந்தையைக் கொல்லத் தேடுகிறான் அரசன். இரவோடு இரவாக எகிப்துக்குத் தாயையும் சேயையும் அழைத்துச் செல்கிறார். பின்னர் நாசரேத்தில் உளியும் வாளுமாக உழைத்து அவர்களுக்குச் சோறிடுகிறார். காப்பியத் தலைவனுக்கு இலக்கண நூலார் கூறும் அரச மாட்சி ஒன்றும் இவரிடம் இல்லை. கடவுளுக்கு வீடு கொடுத்தவர் என்பதே இவருடைய மாட்சி.

அப்பெருமையைப் பாடுவதற்கு முனிவர் தேர்ந்த பெயர் வளன். சூசை என்னும் எபிரேயப் பெயர் மிகுதலையும் பெருகுதலையும் உணர்த்துவது. வளன் அதற்கு மிகப் பொருத்தமான தமிழ். அருள் என்னும் பொருள் பொதிந்த யோவான் என்னும் பெயரைக் கருணையன் என்றாக்கினார். கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் புலம்ப, மரமும் பறவையும் உடன் அழும் காட்சியை மாணவர் முந்தைய வகுப்பில் பயின்றிருப்பர். பெயரை ஒலிபெயர்த்தால் அயலவர் ஒருவர் நிற்பார். பொருளைப் பெயர்த்ததால் நம்மவர் ஒருவர் வந்து நிற்கிறார்.

நாட்டுப் படலத்தில் யூதேயா நாடு தமிழ்நாடாகவே காட்சியளிக்கிறது. மழை பொழிகிறது, வெள்ளம் பெருகுகிறது, வயல் விளைகிறது. அந்நாட்டின் உண்மையான வறண்ட குன்றுகளை முனிவர் அறியாதவரல்லர். காப்பிய மரபைப் பின்பற்றியதாக மட்டுமே இதனைக் கொள்வது போதாது. நிகழ்ச்சி நடந்த இடத்தைத் தம் கண்முன் அமைத்து அதனுள் நிற்க வேண்டும் என்று இளமையில் பயின்றவர் அவர். தமிழ் மக்கள் அவ்வாறு நிற்க வேண்டுமானால், அவர்கள் கண்ட ஆற்றையும் வயலையும் தவிர வேறு எதைக்கொண்டு அமைப்பது? ஸ்பெயின் நாட்டு ஆகிர்தா மரியாள் என்னும் துறவியின் நூலைக் கதைக்கு ஆதாரமாகக் கொண்டபோதும், வழிபாட்டின் நிலம் முழுவதும் தமிழ் நிலமே. கற்றவர்க்கன்றி விளங்காத கடுநடை சில இடங்களில் உண்டு. யாப்பின் ஆற்றலைக் காட்டும் ஆவல் பக்தியை முந்துகிற பாடல்களும் உண்டு. எனினும் கருணையனின் புலம்பல் போன்ற இடங்களில் அந்தக் கடுமை கரைந்துவிடுகிறது.

கடற்கரையும் உள்நாடும்

பெஸ்கி உள்நாட்டில் ஓலையும் எழுத்தாணியுமாக உழைத்த அதே காலத்தில், கடற்கரையில் வேறொரு கிறித்தவ இயக்கம் வளர்ந்து வந்தது. தரங்கம்பாடியில் தங்கியிருந்த லூத்தரன் சபையினர் அச்சுக்கூடம் வைத்திருந்தனர். வேதத்தைத் தமிழில் அச்சிட்டனர். ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டை அமைந்த கடலூரில் 1717ஆம் ஆண்டில் பள்ளியும் தொடங்கினர். இரு சாராரும் வணங்கியது ஒரே கடவுளை. ஆயினும் ஒருவரையொருவர் கடுஞ்சொற்களால் தாக்கிக்கொண்டனர். வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லூத்தர் இனத்தியல்பு ஆகிய நூல்களை முனிவர் எழுதியது இப்போரில்தான். இவற்றின் உரைநடை வலியது. ஆனால் தேம்பாவணியின் கனிவை இவற்றில் தேடுவது வீண். அடைக்கலமும் இரக்கமும் பாடிய நாவே எதிரியிடம் இரக்கம் காட்டாமற் போனது, அக்காலச் சமயப் பூசல்களின் பொதுக் குறை. அவரும் அதற்கு விலக்கல்லர். விந்தை என்னவெனில், வழக்குத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1730களின் இறுதியில் அச்சிட்டு வெளியிட்டது அந்தத் தரங்கம்பாடி அச்சகமே.

கற்றவர்க்கான நூல்களைவிட அன்றாட வழிபாட்டிற்கு மிகுதியும் பயன்பட்டது வேதியர் ஒழுக்கம். குருக்கள் மிகச் சிலர், ஊர்களோ பல. ஆண்டின் பெரும்பகுதியில் செபத்தை நடத்தியவரும், நோயுற்றவர் அருகிருந்து ஆறுதல் கூறியவரும், சிறுவர்க்கு மறைக்கல்வி புகட்டியவரும் வேதியர் எனப்பட்ட உபதேசியர்களே. அவர்களுக்காக 1727இல் எழுதப்பட்ட அந்நூலில், பிறர்க்குச் சொல்லும் முன் தாம் சிந்தித்துத் தம் வாழ்வைச் செம்மை செய்துகொள்ள வேண்டிய கடமை வற்புறுத்தப்படுகிறது. கடவுள் முன் நிற்கும் வழக்கம் இல்லாதவர் கடவுளைப் பற்றிப் பேசுவது எளிது. கேட்பவர் அதை உடனே கண்டுகொள்வர். முனிவர் இதனை உணர்ந்தே உரைநடையைத் தெளிவாகவும் எளிதாகவும் அமைத்தார்.

எழுத்துச் சீர்திருத்தத்தையும் இவ்விடத்தில் நினைக்கலாம். பழைய வழக்கில் குறில் எகரத்திற்கும் ஒகரத்திற்கும் புள்ளியிட வேண்டும். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று எழுதுவோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர்; குறிலா நெடிலா என்பது படிப்பவர் ஊகமாயிற்று. முனிவர் குறிலுக்குப் புள்ளியை நீக்கி, நெடிலின் வடிவத்தை வேறுபடுத்தினார். மெய்யோடு சேருமிடத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்னும் வேறுபாடும் அவ்வாறு அமைந்தது. ஓலையைப் பார்த்துச் செபம் படிக்கும் ஓர் ஊர் வேதியர் இனித் தடுமாற வேண்டியதில்லை. 1730இல் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம், அதே ஆண்டில் திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு, 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்ட சதுரகராதி என அவர் உழைப்பு தொடர்ந்தது.

இறுதி ஆண்டுகள்

திருச்சிராப்பள்ளியைக் கைக்கொண்ட சந்தா சாகிபு முனிவரை மதித்தார். முனிவர் அவரிடம் திவானாகவே இருந்தார் என்றும், பல்லக்கேறிப் பரிவாரம் சூழச் சென்றார் என்றும் பிற்கால வரலாறுகள் கூறும். ஆய்வாளர் பலர் திவான் பதவியை ஏற்பதில்லை. பல்லக்கும் பரிவாரமும் மெய்யாயின், அவை கடவுளுக்குரிய மதிப்பைக் காட்டவா, குருவின் மதிப்பைக் காட்டவா என்ற கேள்வியும் எழும். தச்சரைப் பாடிய புலவருக்கு அது பொருந்தாத கோலம்.

1741இல் மராத்தியர் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்படுத்தினர். போரும் கொள்ளையும் நாட்டைச் சூழ்ந்தன. முனிவர் தெற்கே மணப்பாடு முதலிய கடற்கரைத் தளங்களுக்குச் சென்று, இறுதியில் சேரநாட்டு அம்பலக்காட்டை அடைந்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடிக்க, ஆங்கிலேயர் தம் தலைமையிடத்தைக் கடலூர்க் கோட்டைக்கு மாற்றிக்கொண்டனர். நடுநாட்டின் அமைதி அதனோடு நெடுங்காலத்திற்குப் போயிற்று. தாம் கட்டிய ஆலயங்களை முனிவர் மீண்டும் காணவில்லை. அருளானந்தர் இறந்த அதே பிப்ரவரி 4ஆம் நாளில், 1747ஆம் ஆண்டு, அம்பலக்காட்டில் உயிர் நீத்தார்.

தேம்பாவணி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. நூறாண்டுக்கு மேல் ஓலையிலிருந்து ஓலைக்கு எழுதப்பட்டே அது பிழைத்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லிஸ் துரையின் தூண்டுதலால் புதுச்சேரி முத்துசாமிப் பிள்ளை முனிவர் வாழ்ந்த ஊர்களுக்குச் சென்று ஏடுகளைத் தேடித் திரட்டினார். 1822இல் அவரது வரலாற்றையும் எழுதினார். காப்பியம் 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாகப் புதுச்சேரியில் அச்சாயிற்று. கோணான்குப்பத்தில் இன்றும் சனவரித் திங்களில் பெரியநாயகி தேரேறி வருகிறாள். சமய வேறுபாடின்றிச் சுற்றுவட்டார மக்கள் கூடுகின்றனர். அவர்களுள் தேம்பாவணியின் ஒரு பாடலையேனும் அறிந்தவர் சிலரே இருப்பர், அன்னையின் பெயரை அறியாதவர் எவரும் இரார்.